மலைத் தோளில் ஓர் இரவு

பத்து பாகாட்டில் மலை ஏறுகிறவர் என்று பெயர் எடுத்துவிட்டால் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். "அண்ணே, காசு கட்டாம, கூட்டம் இல்லாம, சும்மா ஒரு ராத்திரி டென்ட் அடிக்க எங்கண்ணே எடம் இருக்கு?" துணி ஆலையில் ஷிப்ட் முடித்து வரும் தம்பிகள் கேட்பார்கள். சிங்கப்பூரில் வேலை செய்து வார இறுதிக்கு வீடு திரும்பும் பிள்ளைகளும் கேட்பார்கள். கைப்பேசியில் அவர்கள் பார்த்தது அமெரிக்க மலைகளை. அங்கே தேசியக் காடுகள் பலவற்றில், கட்டணம் வாங்கும் முகாம்தளத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் எங்காவது ஒதுங்கிக் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். பொதுவாக ஓர் இடத்தில் 14 நாள் வரை. கழிவறை, குழாய்த் தண்ணீர், குப்பைத் தொட்டி எதுவும் இருக்காது. ஸ்வீடனில் அடுத்தவர் நிலத்தில்கூட ஓரிரு இரவு தங்கிப்போகும் வழக்காற்று உரிமை உண்டு. ஸ்காட்லாந்தில் 2003இல் நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டம் அதை எழுத்திலேயே தந்திருக்கிறது.

நம் நாட்டில் அப்படி ஓர் உரிமை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் மனத்தில் இருப்பது உரிமை பற்றிய கேள்வியே இல்லை. விளக்கு வெளிச்சம் எட்டாத இடம், தண்ணீர்ச் சத்தம், மூன்று நான்கு பேர், ஒரு நீண்ட இரவு. இதுதான் அவர்களுக்கு வேண்டும். அது இங்கேயும் கிடைக்கும். அதற்கு இரண்டைக் கற்றுக்கொள்ள வேண்டும்: அனுமதி வாங்குவது ஒன்று, இடம் பார்ப்பது இன்னொன்று. முதலாவது ஒரு நாள் வேலை. இரண்டாவதற்குச் சில வருடம் பிடிக்கும். அதனால் இந்த அத்தியாயத்தில் பெரும்பகுதி இடம் பார்ப்பதைப் பற்றித்தான்.

நம் ஊரைச் சுற்றி

பத்து பாகாட் தாழ்ந்த பூமி. கடலோரம் முழுக்கப் பாரிட்டுகள். எண்ணும் பெயருமாக ஓடும் அந்த வடிகால்களை வைத்துத்தான் முகவரியே சொல்கிறோம். ஊரின் பெயரில் மட்டும் கல்லும் உளியும் இருக்கின்றன. நமக்கென்று இருக்கும் உயரங்கள் சிறியவை. ஊருக்குள்ளேயே புக்கிட் சோகா. காலையில் படி ஏறி வேர்த்துவிட்டுப் பசியாறப் போகலாம். தெற்கே குனோங் பானாங், 400 மீட்டருக்குச் சற்று மேல். இவை இரண்டும் பயிற்சிக் களங்கள். தோளில் 10 கிலோ அரிசி மூட்டையை வைத்து பானாங்கில் ஏறி இறங்க முடிந்தால், அடுத்த மலையைப் பற்றிப் பேசலாம்.

ஆயர் ஹீத்தாம் வழியாக குளுவாங் போனால் 510 மீட்டர் உயரமுள்ள லம்பாக். அங்கிருந்து இன்னும் கிழக்கே, 1,010 மீட்டரில் பெலுமுட். முதல் முறை கூடாரத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது பெலுமுட்டைத்தான். அடிவாரத்தில் வன இலாகாவின் பொழுதுபோக்குக் காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது, மழை கொட்டினால் விரைவாக இறங்கித் திரும்பிவிடலாம்.

எல்லாருக்கும் தெரிந்த பெரிய மலை லேடாங். 1,276 மீட்டர், ஜொகூரிலேயே உயரமானது. மூவார், தங்காக் கடந்து சாகில் போய்ச் சேர வேண்டும். வெள்ளைக்காரர்கள் இதை ஒஃபிர் என்றார்கள். 1854இல் இயற்கையாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து ஆட்களோடு வந்து, மலையடிவாரத்தில் காட்டுக் குடிசையில் தங்கிப் பூச்சியும் பறவையும் சேகரித்தார். ஏறும் வழியில் தண்ணீர் கிடைக்காமல், அவரும் ஆட்களும் கெண்டிச் செடியின் குடுவைகளில் தேங்கியிருந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்ததை அவரே எழுதியிருக்கிறார். அதில் பூச்சிகள் மிதந்தன, ஆனால் ருசி மோசமில்லையாம். மலாய்க்காரர்கள் அந்தச் செடியை 'பெரியுக் கெரா', குரங்கின் பானை, என்கிறார்கள். நீங்கள் அதைப் பார்த்து ரசியுங்கள். குடிக்க உங்கள் போத்தலில் தண்ணீர் இருக்கட்டும், குடுவையைப் பறிக்காதீர்கள்.

கிழக்கே எண்டாவ் ரொம்பின். அது உயரத்துக்காகப் போகும் இடம் இல்லை, ஆற்றுக்காகவும் பழங்காட்டுக்காகவும் போகும் இடம். கம்போங் பெத்தாவில் ஜாக்குன் மக்களின் ஊரிலிருந்து உள்ளே போனால் குவாலா ஜாசின், குவாலா மாரோங், பத்து ஹம்பார் என்று முகாம் இடங்கள் வரிசையாக வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

உண்மையான உயர்மலைக்கு நாம் வடக்கே போயாக வேண்டும். தீபகற்பத்தில் 7,000 அடியைத் தாண்டும் சிகரங்கள் ஏழு. மலையேறிகள் அவற்றை ஜி7 என்பார்கள். தாஹான் 2,187 மீட்டர், கோர்பு 2,183 மீட்டர். மற்ற ஐந்தும் உயரத்தில் அவற்றை ஒட்டியே வரும். அங்கேதான் கட்டடமோ மின்சாரமோ இல்லாத காட்டு முகாம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓடை ஓரத்துச் சமதரைக்கு 'கெம்' என்று ஒரு பெயர், அதோடு சரி. இதைவிட உயரமான கினாபாலுவில், 4,095 மீட்டர், கூடாரத்துக்கு இடமே இல்லை. 3,272 மீட்டரில் உள்ள விடுதியில் படுத்து எழுந்துதான் உச்சிக்குப் போக வேண்டும்.

அனுமதி

ஜொகூரில் யாருக்கும் சொந்தமில்லாத மலை கிடையாது. நிரந்தர வனக் காப்பகம் என்றால் அது மாநில வன இலாகாவின் பொறுப்பு. 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டம் அதைக் காக்கிறது. லேடாங், எண்டாவ் ரொம்பின் போன்ற பூங்காக்களை ஜொகூர் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. இவை இரண்டிலும் சேராத நிலத்தில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டம். பலரும் மறப்பது இந்த மூன்றாவதைத்தான். மலைக்குப் போகும் செம்மண் சாலை தோட்டத்தின் வழியாகப் போகிறது என்பதால் அது பொதுச் சாலை ஆகிவிடாது. வாசலில் காவலாளியிடம் பெயரைக் கொடுங்கள், காரை லோரி திரும்பும் இடத்தில் நிறுத்தாதீர்கள், திரும்பி வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வனக் காப்பகத்துக்குள் இரவு தங்க மாவட்ட வன அலுவலகத்தில் பெர்மிட் கேளுங்கள். ஆள்களின் பெயர், அடையாள அட்டை எண், போகும் பாதை, தங்கும் நாள் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பல மலைகளுக்கு 'மாலிம் குனோங்' எனப்படும் பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயம். லேடாங்கில் இரவு தங்கலாமா என்பதைப் புறப்படும் மாதத்திலேயே பூங்கா அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சென்ற வருடம் போனவர் சொன்னதை நம்பிப் பையைக் கட்டாதீர்கள்.

பெர்மிட் கட்டணத்தைச் சிலர் வீண்செலவு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2018 மார்ச் 11ஆம் தேதி தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையேறப் போனவர்கள், பெரும்பாலும் இளையவர்கள். முறையான அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போயிருந்தார்கள். அதற்கு 6 வருடம் கழித்து, 2024இல், தமிழ்நாடு அரசு 40 பாதைகளை வகுத்து, பதிவும் வழிகாட்டியும் கட்டாயம் என்று மலையேற்றத் திட்டம் கொண்டுவந்தது. பெர்மிட் தாளில் உங்கள் பெயர் இருந்தால், நீங்கள் திரும்பாத மாலையில் உங்களைத் தேட ஒருவருக்குக் காரணம் இருக்கும். அந்தச் சில ரிங்கிட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடம் பார்ப்பது

பத்து பாகாட்டுக்காரர்களுக்கு வெள்ளம் புதிதில்லை. 2023 மார்ச்சில் நம் மாவட்டத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றது. ஆனால் நமக்குத் தெரிந்த வெள்ளம் மெதுவானது. பாரிட் நிறையும், வாசற்படி நனையும், ஃபிரிட்ஜைத் தூக்கி மேசையில் வைப்போம், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்வோம். யோசிக்க நேரம் இருக்கும். இந்தப் பழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டுபோவதுதான் நம் ஊர்க்காரர்களிடம் நான் காணும் மிகப் பெரிய ஆபத்து. மலை ஆறு அவகாசம் தராது.

திடீரென்று பாயும் மலை வெள்ளத்தை மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்கிறார்கள், தண்ணீரின் தலை. மேலே எங்கோ மழை பெய்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளி இல்லை, வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியலாம். மேலே மரக்கட்டையும் சருகும் சேர்ந்து ஆற்றை அடைத்து நிற்கும், பிறகு அந்த அடைப்பு உடையும். சேறும் கட்டையுமாக ஒரு சுவர் கீழே வரும். 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி கெடாவில் ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளம் யான் மாவட்டத்தில் 6 பேரைக் கொண்டுபோனது.

என் இருபதுகளில் நானும் ஆற்றங்கரை மணலில்தான் கூடாரம் போட்டேன். மணல் மெத்தை போல இருந்தது, பாத்திரம் கழுவ இரண்டு எட்டு வைத்தால் போதும். நள்ளிரவு கடந்து விழித்தபோது ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. கால்மாட்டில் தரை குளிர்ந்திருந்தது. நான்கு பேரும் சரிவில் ஏறி மரத்தைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். காலையில் மணல்திட்டே இல்லை. எங்கள் சோற்றுப் பானையும் இரண்டு ஜோடிச் சப்பாத்தும் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்த வெற்றுக்கால் இறக்கத்துக்குப் பிறகு ஆற்று மணலில் நான் படுத்ததே இல்லை.

ஆற்றை எப்படிப் படிப்பது? கரையோரச் செடிகளின் கிளைகளைப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் சருகும் வைக்கோல் போன்ற நாரும் சிக்கியிருந்தால், போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. பாறையில் பாசி எந்தக் கோட்டோடு நிற்கிறது என்று பாருங்கள். கரையில் புல்கூட முளைக்காத வெறும் மணல் இருந்தால் அது ஆறு அடிக்கடி வந்து படுக்கும் இடம். இந்த அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் மேலே, ஆற்றிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இடம் தேடுங்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கொத்தாக மிதந்து வந்தால், அருவியின் ஓசை கூடினாலும் திடீரென்று அடங்கினாலும், உடனே மேடேறுங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். இரண்டு கரைகளில் இரண்டு குழுவாகத் தங்குவதும் வேண்டாம். ஆறு நடுவில் புகுந்துவிட்டால் ஒருவருக்கொருவர் உதவ முடியாது.

ஆற்றைவிட்டு விலகியதும் பலர் நேரே முகட்டுக்குப் போவார்கள். காட்சி நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் இடி அதிகம் விழும் பூமி இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட அன்றாட விஷயம். மொட்டைப் பாறை, தனி மரம், உச்சியின் நுனி மூன்றும் இடிக்குரிய இடங்கள். பள்ளத்திலும் வேண்டாம், முகட்டிலும் வேண்டாம் என்றால் மிச்சமிருப்பது மலையின் தோள்: முகடு இறங்கிவரும் வழியில் சற்றே அகன்று சமமாகும் இடம். மேலே காடு காற்றைத் தடுக்கும், கீழே சரிவு தண்ணீரை வடிக்கும். நல்ல முகாம்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட தோள்களில்தான் இருக்கின்றன.

தோள் கிடைத்ததும் மேலே இருக்கும் சரிவைப் பாருங்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலியில், பள்ளி விடுமுறைக்கு வந்து கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிவு இடிந்து விழுந்தது. 31 பேர் இறந்தார்கள், பிள்ளைகள் உட்பட. அங்கே அவர்களைக் கொன்றது ஆறு இல்லை, தலைக்கு மேலே இருந்த மண். அதனால் வெட்டிய சரிவின் கீழே, சாலைக்கும் மரம் வெட்டிய வெளிக்கும் அடியில், தங்காதீர்கள். மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், தரையில் பிறை வடிவில் வெடிப்பு இருந்தால், முன்பு இல்லாத இடத்தில் கலங்கல் ஊற்று கசிந்தால், அந்த மண் நகர்ந்துகொண்டிருக்கிறது. நாள்கணக்கில் மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

பிறகு நேராகத் தலைக்கு மேலே. காய்ந்த கிளை தொங்குகிறதா? பட்ட மரம் பக்கத்தில் நிற்கிறதா? காற்றே இல்லாத இரவிலும் நம் காட்டில் மரம் விழும். வேர் ஆழம் போகாத மண், ஈரம் ஊறிய தண்டு. காட்டு டுரியான் மரத்தடியைப் பழக் காலத்தில் தவிருங்கள். மூங்கில் புதர் அருகே எலி வரும், எலிக்காகப் பாம்பும் வரும். காலடியில் எறும்புச் சாரி, கறையான் புற்று, யானை லத்தி இருக்கிறதா என்று பாருங்கள். குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் பக்கக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. அகலமாக மிதிபட்டு, சேற்றில் வட்டக் குழிகளோடு போகும் பாதை மனிதர்கள் போட்டது இல்லை. அதன் குறுக்கே கூடாரம் போடக் கூடாது.

இத்தனையும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆகும், வெளிச்சமும் வேண்டும். எனவே மாலை 4 மணிக்கு மேல் நடக்காதீர்கள். இருட்டிய பிறகு பிடித்த இடம் எதுவும் நல்ல இடமாக அமைந்து நான் பார்த்ததில்லை.

மழையும் குளிரும்

நம் காட்டுக்கு ஏற்ற கூரை பிளைஷீட். 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் ஒன்று, அதன் அடியில் கொசுவலை அல்லது தொங்குபடுக்கை. மூடிய கூடாரத்தில் புழுக்கம் தாங்காது. தொங்குபடுக்கையை உயிருள்ள, தொடை அளவுக்குப் பருத்த மரங்களில், பட்டையை அறுக்காத அகலமான நாடாவால் கட்டுங்கள். கூடாரம்தான் என்றால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அடுத்த மழையில் அந்த வாய்க்கால் வழியேதான் மண் அரித்துப்போகும்.

மேற்குக் கரையில் ஒரு விசேஷம் இருக்கிறது. தென்மேற்குப் பருவ மாதங்களில் மலாக்கா நீரிணையிலிருந்து கிளம்பும் 'சுமாத்ரா' காற்றுமழை பின்னிரவிலோ விடியும் நேரத்திலோ வந்து அடிக்கும். 10 மணிக்கு வானம் தெளிவாக இருந்ததே என்று கயிற்றைத் தளர்த்திவிட்டுப் படுத்தால் 4 மணிக்குக் கூரை இல்லாமல் எழுந்திருப்பீர்கள். படுக்கும் முன் ஒவ்வொரு கயிற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். லேடாங்கிலும் இதே காற்றுதான்.

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். நம் ஊரில் இரவு 24 டிகிரி என்றால் லேடாங் உச்சியில் 16, 17. தாஹானில் 11 அளவுக்கு இறங்கும். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. நாள் முழுக்க நனைந்து, சோறு குறைவாகச் சாப்பிட்டு, காற்றில் உட்கார்ந்தால் இந்தச் சூட்டிலேயே உடல் விறைக்கும். நடுக்கம், பேச்சுக் குளறல், தடுமாற்றம் வந்தால் ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததைப் போர்த்தி, சூடாக இனிப்பு மைலோ கொடுங்கள். இதற்காகத்தான் ஒரு ஜோடி உடையும் ஒரு போர்வையும் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைப்பது. அது இரவுக்கு மட்டும். காலையில் மறுபடியும் ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

காலுக்கு விலை உயர்ந்த பூட்ஸ் தேவையில்லை. ரப்பர் வெட்டுகிறவர்கள் போட்ட அதே கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் இன்றும் நம் மலைகளில் சிறந்தது. அடியில் முள் பிடிப்பு இருக்கும், தண்ணீர் உறிஞ்சாது, மலிவு. மலாய் நண்பர்கள் செல்லமாக அதை 'அடிடாஸ் கம்போங்' என்கிறார்கள். என் பெற்றோர் தலைமுறை தோட்டத்தில் அட்டைக்கு என்ன செய்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்: காலுறையில் சவுக்காரத்தைத் தேய்ப்பார்கள், அல்லது புகையிலை ஊறிய நீரில் நனைப்பார்கள். இரண்டும் வேலை செய்யும். அட்டை கடித்துவிட்டால் நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் வெகுநேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

தண்ணீரும் காய்ச்சலும்

மலை நீர் தெளிவாக இருப்பதால் சுத்தமானது என்று அர்த்தம் இல்லை. எலிச் சிறுநீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி பல வடிகட்டிகளின் நுண்துளைகளையும் கடந்துவிடக்கூடியது. கொதிக்க வைப்பதே உறுதியான வழி. நன்றாகக் குமிழிட்டு ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். 2010இல் பகாங் மாநிலம் மாரானில் உள்ள லூபுக் யூ அருவிப் பகுதியில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணியை ஒட்டிப் பரவிய லெப்டோஸ்பைரோசிஸ், மெலியோய்டோசிஸ் காய்ச்சல்களில் 8 பேர் இறந்தார்கள். தோலில் கீறலோடு சேற்று நீரில் நெடுநேரம் நிற்காதீர்கள். புண்ணை ஒட்டுத்துணியால் மூடுங்கள். பல நாள் பயணம் என்றால் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேளுங்கள்.

குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா இன்னொன்று. இயற்கையாக மனிதருக்கு அது தொற்றியதை உலகம் முதன்முதலில் கண்டது 1965இல், பகாங் காட்டில் தங்கிவிட்டுப் போன ஓர் அமெரிக்கரிடம். இன்று நம் நாட்டில் உள்ளூரில் தொற்றும் மலேரியாவில் பெரும்பங்கு இதுதான். அந்தி வேளையில் முழுக்கைச் சட்டை போடுங்கள், வலைக்குள் தூங்குங்கள். மலையிலிருந்து திரும்பி நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் வலித்தால், கண் சிவந்தால், கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "காட்டில் தங்கினேன்" என்பது. நீங்கள் சொல்லாவிட்டால் டெங்கி என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும்.

சாப்பாட்டில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முதல் நாளுக்கு வாழை இலையில் கட்டிய புளிச்சோறு; நம் பாட்டிகள் பயணத்துக்காகவே கண்டுபிடித்த கட்டுச்சோறு அது. பிறகு ஒரு வேளைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி, வறுத்த நெத்திலி, ஊறுகாய், பருப்பு, அப்பளம். எடை குறைவு, வயிறு நிறையும். விறகு மூட்டாதீர்கள், சிறிய கேஸ் அடுப்பு போதும். அடுப்பைக் கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது, மழை கொட்டினாலும். மணமில்லாத நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மிச்சச் சோற்றை வெளியே வைத்துத் தூங்கினால் காட்டுப்பன்றியும் குரங்கும் வரும். இறுக்கிக் கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

விட்டுவரும் இடம்

மலம் கழிக்க ஆற்றிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் விலகி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். அதற்கென்று சின்ன மண்வெட்டி ஒன்றைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். ஈரத் துடைப்பான், அணையாடை எதையும் புதைக்காமல் இரட்டைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். சவுக்காரத்தை ஓடையில் கரைக்காதீர்கள். அந்த ஓடைதான் கீழே கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் போகிறது. இமயத்தில் புக்யால் என்னும் உயர்புல்வெளிகள் கூட்டத்தாலும் குப்பையாலும் சீரழிந்ததால், 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அங்கே இரவு தங்குவதையே தடை செய்தது. அதன் பிறகு பொறுப்போடு போய்வந்தவர்களுக்கும் அங்கே இரவு இல்லை. லேடாங்கின் பாறைகளில் பெயின்டால் பெயர் எழுதியிருக்கும் கைகள், நமக்கும் அந்தத் தடையை அருகே கொண்டுவருகின்றன. அப்படி எழுதும் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், அவரை அடுத்த பயணத்துக்குச் சேர்க்காதீர்கள்.

கிளம்பும் காலையில் தோட்டத்து எல்லையில் முனீஸ்வரன் கோயில் இருந்தால் நின்று கும்பிட்டுப் போங்கள். காட்டுக்குள் போகும் முன் நம் பெரியவர்கள் சூடம் ஏற்றியது அங்கேதான். அந்த நேரத்தில் ஆள் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். ஒவ்வொருவரிடமும் விசில், டார்ச், உலர் உடை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, வீட்டிலேயே செய்ய வேண்டியது. ஒரு தாளில் மலையின் பெயர், ஏறும் வழி, காரின் எண், கூட வருபவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும், திரும்பும் நாளும் நேரமும் எழுதுங்கள். அதன் அடியில், "இந்த நேரத்துக்குள் நான் கூப்பிடாவிட்டால் 999க்கு அழைக்கவும்" என்று நேரத்தையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். அந்தத் தாளை அம்மாவிடமோ மனைவியிடமோ கணவரிடமோ கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.